நெப்போலியனின் வீழ்ச்சி: பாட்காஸ்ட்டை எந்த நாளிலிருந்து தொடங்குவது?

இரவுக்குரல்:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக வீட்டில் இருந்தபடியே தமிழில் வரலாற்று பாட்காஸ்ட் செய்து வருகிறேன். வரலாற்றில் பட்டம் வாங்கியவன் இல்லை. பகலில் கணக்கு எழுதும் வேலை. இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு துணி பீரோவைத் திறந்து, துணிகளுக்கு நடுவே மைக்கை வைத்துப் பதிவு செய்கிறேன். அடுத்ததாக எட்டுப் பகுதிகளில் நெப்போலியனின் வீழ்ச்சியைச் சொல்ல ஆசை. எழுச்சியைத் தொடப் போவதில்லை. 1812 கோடையில் ஐரோப்பாவின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்தவர், 1815 அக்டோபரில் அட்லாண்டிக் நடுவே ஒரு தீவில் கைதியாக இறங்குகிறார். இடையில் மூன்றே கால் வருடம். இது எப்படி நடந்தது என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போகிறது.

முதல் பகுதியை நியெமன் ஆற்றங்கரையில் தொடங்கினேன். 1812 ஜூன் 24, பெரும்படை பாலங்களில் ஆற்றைக் கடந்து ரஷ்ய மண்ணில் கால் வைக்கிறது. எழுதியதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "எல்லாம்தான் அவர் கையில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு ரஷ்யாவுக்குப் போனார்?" என்று கேட்டாள். ரஷ்யாவின் சார் மன்னர் அலெக்சாண்டர் ஒப்பந்தத்தை மீறினார் என்றேன். ஏன் மீறினார் என்றாள். அதற்குப் பதில் சொல்ல 1810க்குப் போனேன், அங்கிருந்து, இங்கிலாந்தோடு வியாபாரத்தை நிறுத்த ரஷ்யாவும் சம்மதித்த 1807 டில்சிட் உடன்படிக்கைக்கு, அங்கிருந்து 1806க்கு. ஒவ்வொரு காரணமும் அதற்கு முந்தைய காரணத்தைக் கையைப் பிடித்து இழுக்கிறது. இப்படியே போனால் கோர்சிகாவில் அவர் பிறந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்பேன்.

நீங்களாக இருந்தால் எந்த நாளில் தொடங்குவீர்கள்? ஏன் அந்த நாள் என்பதையும் சொல்லுங்கள்.

வரைபடப்பித்தன்:

1806 நவம்பர் 21, பெர்லின். என் மனதில் சந்தேகமே இல்லை.

அதற்கு முந்தைய வருடம் டிரஃபால்கர் கடற்போரில் பிரெஞ்சுக் கடற்படை நொறுங்கிவிட்டது. இங்கிலாந்தின் மேல் படையெடுக்கக் கப்பல் இல்லை. சரி, அவர்களுடைய வியாபாரத்தை நெரித்துவிடலாம் என்று முடிவு செய்கிறார். ஐரோப்பாவின் எந்தத் துறைமுகமும் பிரிட்டிஷ் சரக்கை வாங்கக் கூடாது என்று அன்றைக்கு பெர்லினில் ஆணை போடுகிறார். காகிதத்தில் அழகான திட்டம். ஆனால் ஒரு கண்டத்தின் கடற்கரை முழுவதையும் காவல் காத்தால்தான் அது நடக்கும். ஓர் ஓட்டை இருந்தாலும் சரக்கு உள்ளே வந்துவிடும்.

அந்த ஓட்டைகளை அடைக்கப் போனதுதான் அடுத்த ஆறு வருடக் கதை. 1807இல் போர்ச்சுகல், 1808இல் ஸ்பெயின். சொந்தத் தம்பி லூயி அரசனாக இருந்த ஹாலந்தில் கள்ளக் கடத்தல் நிற்கவில்லை என்று 1810இல் அந்த நாட்டையே பிரான்ஸோடு இணைத்துக்கொண்டார். அதே வருடக் கடைசியில் ஹாம்பர்க் பக்கத்துக் கரையையும் இணைத்தார். அதில் ஓல்டன்பர்க் என்ற சிற்றரசும் போயிற்று. அதன் ஆட்சியாளர் சாரின் உறவுக்காரர். ரஷ்யப் பக்கம் பார்த்தால், சணலும் மரமும் கொழுப்பும் இங்கிலாந்துக்கு விற்றுத்தான் பெரிய நிலக்கிழார்கள் வாழ்ந்தார்கள். அந்தச் சந்தை மூடியதும் ரூபிளின் மதிப்பு சரிந்தது. 1810 டிசம்பர் 31 அன்று சார் புதிய சுங்க ஆணை போட்டார். நடுநிலை நாட்டுக் கப்பல்களுக்கு அனுமதி, பிரெஞ்சு ஆடம்பரப் பொருள்களுக்குக் கடும் வரி. நியெமன் ஆற்றைக் கடக்கும் முடிவு அந்தச் சுங்கப் பட்டியலில் இருக்கிறது.

ஜன்னலோரம்:

நான் கேட்கிற ஆள் மட்டும்தான். தினமும் பேருந்தில் ஒன்றரை மணி நேரம் போகிறேன், உங்கள் தொடர்தான் துணை. வரைபடப்பித்தன் அண்ணன் சொல்வது எல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் முதல் ஐந்து நிமிடத்தில் சுங்க வரி என்று காதில் விழுந்தால் எனக்குக் கண் சொக்கிவிடும். ஒரு மனிதரைக் காட்டுங்கள். அவர் என்ன செய்தார், அடுத்து என்ன ஆயிற்று என்று இழுத்துக்கொண்டு போங்கள். வரியை மூன்றாவது பகுதியில் சொன்னால் ஆர்வமாகக் கேட்பேன், ஏனென்றால் அதற்குள் அந்த ஆளைப் பற்றி எனக்கு அக்கறை வந்திருக்கும்.

இன்னொன்று. தயவுசெய்து பீரங்கிச் சத்தம், குதிரைக் கனைப்பு எல்லாம் இணையத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். உங்கள் குரல் போதும்.

மேட்டுத்தெரு:

ஸ்பெயினை ஒரு வரியில் தாண்டிப் போகாதீர்கள். 1808 மே 2 அன்று மாட்ரிட் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஜூலையில் பைலென் என்ற இடத்தில் ஜெனரல் துய்ப்போன் தன் படையோடு சரணடைந்தார், பதினெட்டாயிரம் பேர் அளவில். பிரெஞ்சுப் படையைத் திறந்த வெளியில் மண்டியிட வைக்க முடியும் என்று ஐரோப்பா கண்ணால் கண்டது அப்போதுதான். நெப்போலியன் ரஷ்யாவுக்குப் புறப்பட்ட 1812இலும் இரண்டு லட்சத்துக்கு மேல் வீரர்கள் ஸ்பெயினில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கை ஏற்கெனவே பொறியில் சிக்கியிருக்கும்போது மறு கையை நெருப்பில் நீட்டியவர் அவர்.

லாடம்:

நான் பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். இத்தனை பேர் மன்னரையும் தளபதியையும் பற்றிப் பேசுகிறீர்கள், குதிரைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரஷ்யக் குளிர்தான் பெரும்படையை அழித்தது என்று பள்ளியில் படித்தோம். குதிரைகளைப் பொறுத்தவரை அழிவு ஜூன் மாதமே தொடங்கிவிட்டது. ஆற்றைக் கடந்த சில நாட்களில் வில்னா பக்கம் பெரும் புயல்மழை. வெயிலில் வாடிய குதிரைகள் திடீரென்று குளிரில் நனைந்தன. ஓட்ஸ் ஏற்றிய வண்டிகள் பின்னால் சேற்றில் கிடந்தன. பசிக்கு வயலில் நின்ற முற்றாத பச்சைப் பயிரை மேயவிட்டார்கள். குதிரையின் வயிறு மாட்டின் வயிறு மாதிரி கிடையாது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. பழக்கமில்லாத ஈரப் பயிர் உள்ளே நொதித்தால் வயிறு ஊதி, வலியில் தரையில் புரண்டு புரண்டு செத்துப்போகும். அந்தச் சில நாட்களில் மட்டும் ஏறத்தாழ 10,000 குதிரைகள் செத்ததாக அன்று கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணைவிட எனக்கு அந்தக் காட்சிதான் முக்கியம். சாலை ஓரம் முழுக்க ஊதிக் கிடக்கும் உடல்கள், அதற்குள் இன்னும் ஒரு பெரிய சண்டைகூட நடக்கவில்லை.

அப்புறம் லாடம். பனிக்கட்டியில் நடக்கும் குதிரைக்குக் கூர் ஆணி வைத்த லாடம் வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி மேல் நடப்பது மாதிரி வழுக்கும். அரண்மனைக் குதிரைகளுக்குப் பொறுப்பாளர் கோலன்கூர். அவர் முன்பு ரஷ்யாவில் தூதராக இருந்தவர், அந்தக் குளிரை அறிந்தவர். தன் பொறுப்பில் இருந்த குதிரைகளுக்கு மட்டும் பனி லாடம் அடித்து வைத்திருந்தார். மற்ற படையில் பெரும்பாலான குதிரைகளுக்கு அது கிடைக்கவில்லை. டிசம்பர் 10 அன்று வில்னாவைத் தாண்டி பொனாரி மேட்டில் பனி உறைந்த சரிவு. குதிரைகளால் ஏற முடியவில்லை. மிச்சமிருந்த பீரங்கிகளையும் படையின் பணப்பெட்டி வண்டிகளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

இது 1812ஓடு முடியவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. 1813 மே மாதம் ஜெர்மன் மண்ணில் லுட்சனிலும் பவுட்சனிலும் நெப்போலியன் ஜெயித்தார். ஆனால் தோற்று ஓடும் படையைத் துரத்திப் பிடிக்கக் குதிரைப்படை வேண்டும். அது ரஷ்யச் சாலைகளில் கிடந்தது. ஆளைப் பிடித்து நான்கு மாதத்தில் சிப்பாய் ஆக்கிவிடலாம். குதிரையைப் பழக்க வருடங்கள் ஆகும். எதிரி தப்பித்துப் போய் மறுபடி அணிவகுத்தான். ஜூன் 4 அன்று அவர் போர்நிறுத்தத்துக்குச் சம்மதித்ததற்கு அவரே சொன்ன காரணங்களில் ஒன்று குதிரைப்படை இல்லை என்பது. தொடங்கும் நாளை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கு ஒரு பகுதி ஒதுக்குங்கள்.

இரவுக்குரல்:

டாக்டர் ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு முழுப் பகுதி குதிரைகளுக்குத்தான், எழுதி வைத்துக்கொண்டேன்.

மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869இல் வரைந்த படம் நினைவுக்கு வருகிறது. படையின் அளவை ஒரு பட்டையாகப் போட்டிருப்பார். நியெமனில் 4,22,000 பேர், மாஸ்கோவில் 1,00,000, திரும்பி வந்தது 10,000. பட்டை போகப் போக மெலிந்து கடைசியில் நூல் மாதிரி ஆகிவிடும். இதைக் காதுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நாலு பேரில் மூன்று பேர் மாஸ்கோ போவதற்குள் செத்துவிட்டார்கள், அதுவும் கோடையில் என்று சொல்லலாமா?

வரைபடப்பித்தன்:

அப்படிச் சொல்லாதீர்கள், அது தவறாகிவிடும். அந்தப் படத்தை ஊன்றிப் பாருங்கள். தொடக்கத்திலேயே 22,000 பேர் வடக்கே ஒரு கிளையாகப் பிரிகிறார்கள். பிறகு 60,000 பேர் போலோட்ஸ்க் பக்கம் பிரிகிறார்கள். வழி நெடுக ஊர்களிலும் கிடங்குகளிலும் காவலுக்கு ஆட்களை நிறுத்திக்கொண்டே போனார்கள். அந்தக் கிளைகளில் கொஞ்சம் பேர் பின்வாங்கும்போது திரும்பவும் சேர்ந்துகொண்டார்கள். "மாஸ்கோ வரை வரவில்லை" என்பதும் "செத்தார்கள்" என்பதும் வேறு வேறு.

ஆனால் உங்கள் உணர்வு சரியானதுதான். பிரிந்து போனவர்களைக் கழித்த பிறகும் பெரும் பள்ளம் மிச்சம் இருக்கிறது. சீதபேதி, பேன் பரப்பும் காய்ச்சல்கள், பசி, படையை விட்டு ஓடியவர்கள், அப்புறம் செப்டம்பர் 7 போரோதினோ சண்டை. அந்த ஒரே பகலில் இரண்டு பக்கமும் சேர்த்து எழுபதாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். 2001இல் வில்னியஸ் (அன்றைய வில்னா) நகரில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது அந்தப் படையின் வீரர்கள் ஆயிரக்கணக்கில் புதைக்கப்பட்ட பள்ளம் கிடைத்தது. அவர்களுடைய பற்களில் நோய்க்கிருமிகளின் மரபணுவைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். குளிர் கடைசி அடியைக் கொடுத்தது. ஆனால் அது வந்தபோது படை ஏற்கெனவே நோயாளியாக இருந்தது. இப்படிச் சொல்லுங்கள்.

சின்னவன்27:

வெள்ளீயப் பொத்தான் கதையைப் போடுவீர்களா? குளிரில் பொத்தான்கள் பொடியாகி, கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்ததால் துப்பாக்கி பிடிக்க முடியாமல் தோற்றார்கள் என்று வேதியியல் ஆசிரியர் சொன்னார். சூப்பராக இருக்கும்.

இரவுக்குரல்:

தம்பி, நான் அதைப் போடமாட்டேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்னைப் போல வீட்டிலிருந்து வரலாறு சொல்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

வெள்ளீயம் கடும் குளிரில் பொடியாகும் என்பது உண்மையான வேதியியல். ஆனால் அது மெதுவாக நடப்பது, உலோகத்தில் வேறு கலப்பு இருந்தால் இன்னும் மெதுவாகும். அந்தப் படையின் பொத்தான்கள் அப்படிப் பொடியானதற்கு உறுதியான சான்று கிடையாது. கதை அவ்வளவு அழகாக இருப்பதால்தான் அது சாகாமல் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு நான் ஒரு பகுதியில், 1814இல் பதவி இழந்து அனுப்பப்பட்ட எல்பா தீவிலிருந்து நெப்போலியன் தப்பி வந்தபோது பாரிஸ் பத்திரிகை ஒன்று நாளுக்கு நாள் தலைப்பை மாற்றியது என்று சொன்னேன். முதல் நாள் "அரக்கன் தப்பினான்", கடைசி நாள் "பேரரசர் அரண்மனை வந்தடைந்தார்". குரலை ஏற்றி இறக்கி ரசித்துச் சொன்னேன். அதுதான் அதிகம் பகிரப்பட்ட பகுதி. பிறகு ஒரு நேயர் எழுதினார், அப்படிப்பட்ட இதழ்களை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று. தேடினேன். அது பின்னாளில் கட்டப்பட்ட கதை. அடுத்த பகுதியில் திருத்தம் சொன்னேன், ஆனால் திருத்தத்தை யாரும் பகிரவில்லை. பேருந்தில், சமையலறையில், வயலில் என்னை நம்பிக் கேட்டவர்களுக்குப் பொய்யைக் கொடுத்திருக்கிறேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு சம்பவம் மிக அழகாக இருந்தால், அதை முதலில் எழுதியவர் அங்கே இருந்தாரா, எத்தனை வருடம் கழித்து எழுதினார், எழுதியதால் அவருக்கு என்ன லாபம் என்று பார்ப்பேன். நிஜத்தில் நடந்ததே போதும் தம்பி. ரஷ்யாவில் நேர்ந்த தன் பேரழிவை ஒப்புக்கொண்ட 29ஆவது படை அறிக்கையை நெப்போலியன் எப்படி முடித்தார் தெரியுமா? "மாட்சிமை தங்கியவரின் உடல்நலம் இதைவிடச் சிறப்பாக ஒருபோதும் இருந்ததில்லை." அது அச்சில் வந்தது, இன்றும் இருக்கிறது.

புதுவைக்காரன்:

எங்கள் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு பத்தி உண்டு. 1803இல் நெப்போலியன் ஜெனரல் டெகான் என்பவரைப் புதுச்சேரியைத் திரும்பப் பெற அனுப்பினார். கப்பல்கள் வந்து சேர்ந்தபோது ஐரோப்பாவில் மறுபடி போர் மூண்டுவிட்டது. பிரிட்டிஷார் ஊரைக் கொடுக்கவில்லை, டெகான் மொரீஷியஸுக்குப் போய்விட்டார். நெப்போலியனுடைய ஆட்சி முழுக்க புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்கு வரவே இல்லை. அவர் விழுந்த பிறகு 1814 பாரிஸ் உடன்படிக்கைதான் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தையும் திருப்பிக் கொடுத்தது. 1815இல் எல்பாவிலிருந்து திரும்பி வந்து அவர் நடத்திய நூறு நாள் ஆட்சிக் குழப்பத்தால் அதுவும் 1816-17இல்தான் நடந்தது. கோட்டை கட்டக் கூடாது, காவலுக்கு வேண்டிய படைக்கு மேல் வைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த ஐந்து ஊர்களின் அடுத்த நூற்றுமுப்பது வருட வாழ்க்கை அவருடைய தோல்வியிலிருந்து வந்தது. தொடரில் ஒரு நிமிடம் போதும், ஆனால் சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு:

என் மனதை மாற்றிக்கொள்கிறேன். ஸ்பெயினும் வேண்டாம், ரஷ்யாவும் வேண்டாம். 1813 ஜூன் 26, டிரெஸ்டன் நகரம். அங்கே தொடங்குங்கள்.

போர்நிறுத்தம் நடக்கிறது. ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் நெப்போலியனைப் பார்க்க வருகிறார். நெப்போலியனின் மனைவி ஆஸ்திரியப் பேரரசரின் மகள், ஆகவே இது ஒருவிதத்தில் மாமனார் வீட்டுத் தூது. ஆஸ்திரியா கேட்டது என்ன? போலந்து மண்ணில் நெப்போலியன் உருவாக்கிய வார்சா சிற்றரசைக் கலைக்க வேண்டும், பிரஷ்யாவுக்குப் பழைய இடங்களில் கொஞ்சம் கொடுக்க வேண்டும், அட்ரியாடிக் கடலோர இல்லிரியாவை ஆஸ்திரியாவுக்குத் திருப்ப வேண்டும், ஹாம்பர்க்கையும் லூபெக்கையும் விட வேண்டும். பிரான்ஸ், பெல்ஜியம், ரைன் கரை, இத்தாலி இவற்றில் இந்தப் பட்டியல் கையே வைக்கவில்லை. மணிக்கணக்கில் பேசினார்கள். கோபத்தில் நெப்போலியன் தொப்பியை வீசினார், மெட்டர்னிக் குனிந்து எடுக்கவில்லை. ஆகஸ்டில் ஆஸ்திரியா எதிர்ப்பக்கம் சேர்ந்தது. அக்டோபரில் லைப்சிக்கில் நான்கு நாள் போர், ஐந்து லட்சத்துக்கும் மேல் வீரர்கள். எல்ஸ்டர் ஆற்றுப் பாலத்தை நேரத்துக்கு முன்பே வெடித்துவிட்டதால் பின்காவல் படை நகரத்திலேயே சிக்கியது. நீந்திக் கடக்கப் பார்த்த போலந்துத் தளபதி பொனியாட்டோவ்ஸ்கி மூழ்கிச் செத்தார். மார்ஷல் பட்டம் கிடைத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

நவம்பரில்கூட ரைன், ஆல்ப்ஸ், பிரனீஸ் எல்லைகளை வைத்துக்கொள் என்று எதிரணி நாடுகள் சொல்லிப் பார்த்தன. இழுத்தடித்தார், அந்த வாய்ப்பும் போயிற்று. நிறுத்த முடிந்த மனிதர் நிறுத்தவில்லை. எனக்கு இதுதான் வீழ்ச்சி.

வரைபடப்பித்தன்:

அந்த அறையில் இருந்தது இரண்டே பேர். தொப்பி உட்பட நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மெட்டர்னிக் பிற்காலத்தில் எழுதியது. தன்னை மலை போலக் காட்டிக்கொள்வது அவர் வழக்கம். இரவுக்குரல் சொன்ன மூன்று கேள்விகளையும் இங்கே கேட்க வேண்டும். அடுத்தது, ஆஸ்திரியா நிஜமாகவே சமாதானத்துக்கு வந்ததா? அடுத்த நாளே ரைகன்பாக்கில் ரஷ்யாவோடும் பிரஷ்யாவோடும் ஒப்பந்தம் போட்டது, நெப்போலியன் மறுத்தால் போரில் சேருவதாக. அவர் முதல் பட்டியலுக்குச் சம்மதித்திருந்தால் இரண்டாவது பட்டியல் வந்திருக்கும் என்பதே என் எண்ணம்.

மேட்டுத்தெரு:

வந்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்டுப் பார்க்கும் விலை ஒரு கையெழுத்து. கேட்டுப் பார்க்காததன் விலை லைப்சிக். அங்கே செத்த பதினெட்டு வயதுப் பையன்களுக்கு உங்கள் இரண்டாவது பட்டியல் ஆறுதல் தராது.

இரவுக்குரல்:

இரண்டு நாளாக உங்கள் வாதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதே சந்திப்பில் நெப்போலியன் சொன்னதாக மெட்டர்னிக் எழுதிய ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அரியணையில் பிறந்த மன்னர்கள் இருபது முறை தோற்றாலும் தலைநகரத்துக்குத் திரும்பிப் போகலாம், என்னால் முடியாது, நான் சிப்பாயாக இருந்து மேலே வந்தவன் என்கிற பொருளில். சொற்கள் மெட்டர்னிக்குடையதாக இருக்கட்டும். அந்த பயம் உண்மை என்பதற்கு அவரைச் சாராத சான்று இருக்கிறதா என்று தேடினேன். கிடைத்தது. எட்டு மாதம் முன்பே, பாரிஸில்.

1812 அக்டோபர் 22 இரவு. மாலே என்ற ஜெனரல், அரசுக்கு எதிராகச் சதி செய்தார் என்று அடைத்து வைக்கப்பட்டவர், பாரிஸில் ஒரு தனியார் சிகிச்சை விடுதியில் காவலில் இருக்கிறார். இரவோடு இரவாகத் தப்புகிறார். ஜெனரல் உடையைப் போட்டுக்கொண்டு, தானே தயாரித்த போலி ஆவணங்களோடு ஒரு படைமுகாமுக்குப் போகிறார். பேரரசர் அக்டோபர் 7 அன்று மாஸ்கோவில் இறந்துவிட்டார், செனட் புதிய அரசை அமைத்திருக்கிறது, படையை என்னோடு அனுப்பு என்கிறார். அந்தத் தளபதி அனுப்புகிறார்! சிறையிலிருந்த இரண்டு ஜெனரல்களை விடுவிக்கிறார். அவர்கள் போய்க் காவல்துறை அமைச்சர் சவாரியைப் படுக்கையிலிருந்து எழுப்பிச் சிறையில் அடைக்கிறார்கள். மாநகரக் காவல் தலைவர் பஸ்கியேயும் உள்ளே போகிறார். மாவட்ட நிர்வாகி ஃபுரோஷோ, நகர மண்டபத்தில் புதிய அரசு கூட அறையைத் தயார் செய்யச் சொல்கிறார். பாரிஸ் படைத்தலைவர் யூலாங் மட்டும் உத்தரவைக் காட்டு என்று கேட்கிறார். மாலே அவர் தாடையில் சுடுகிறார். அடுத்த அலுவலகத்தில் இரண்டு அதிகாரிகள் மாலேயை அடையாளம் கண்டு மடக்கிப் பிடித்ததால் மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. 29ஆம் தேதி கூட்டாளிகளோடு சுட்டுக் கொன்றார்கள்.

மாஸ்கோவிலிருந்து பின்வாங்கும் சாலையில் நவம்பர் 6 அன்று நெப்போலியனுக்குச் செய்தி வந்தது. அவரைக் குத்தியது சதி இல்லை. பேரரசர் செத்தார் என்று கேட்டதும் ஒரு அதிகாரிகூட "அப்படியானால் அடுத்த பேரரசர் அவர் மகன்தானே" என்று சொல்லவில்லை. ஒன்றரை வயது மகன், ரோமின் அரசன் என்ற பட்டத்தோடு தொட்டிலில் இருக்கிறான். அவனை யாருக்கும் நினைவில்லை. பட்டாபிஷேகம், ஆஸ்திரிய இளவரசியோடு திருமணம், வாரிசு என்று எட்டு வருடம் கட்டியதெல்லாம் ஒரு போலிக் காகிதத்தில் சில மணி நேரம் காணாமல் போயிற்று. டிசம்பர் 5 அன்று ஸ்மோர்கோனில் படையை விட்டுவிட்டு அவர் பாரிஸுக்குப் பறந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தோற்றால் நமக்குப் பின்னால் எதுவும் நிற்காது என்று அவர் தெரிந்துகொண்ட நாள் அது. டிரெஸ்டனில் கையெழுத்துப் போடாத கை இங்கே நடுங்கத் தொடங்கியது என்று நினைக்கிறேன். மேட்டுத்தெரு அண்ணே, இது அவரை மன்னிக்க வைக்கவில்லை. ஆனால் ஏன் நிறுத்தவில்லை என்பது எனக்கு முதல் தடவையாகப் புரிகிறது.

முதல் பகுதி 1812 அக்டோபர் 23.

ஜன்னலோரம்:

ஐயோ, இதுதான் வேண்டும். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவேன்.

லாடம்:

நல்ல தொடக்கம். ஆனால் பாரிஸையும் டிரெஸ்டனையும் மட்டும் சொன்னால் நாம் அரண்மனைக்காரர்களின் கதையைச் சொன்னவர்கள் ஆவோம். பெரெசினா ஆற்றை அவசரமாகக் கடக்காதீர்கள்.

பின்வாங்கும் வழியில் ஓர்ஷாவில் மிதவைப் பால வண்டிகளை எரிக்கச் சொன்னார் நெப்போலியன், அந்தக் குதிரைகள் பீரங்கி இழுக்கட்டும் என்று. பாலப்படையின் தலைவர் எப்லே என்ற முதியவர் இரண்டு உலைகளையும் கரி வண்டிகளையும் கருவி வண்டிகள் ஆறையும் மட்டும் காப்பாற்றி வைத்தார். ஒரு வாரத்துக்குள் பெரெசினா ஆறு குறுக்கே வந்தது. உறைந்திருந்தால் நடந்து போகலாம், பனி இளகிவிட்டது. ஸ்டுட்யென்கா கிராமத்தின் மர வீடுகளைப் பிரித்து, அந்தக் கட்டைகளால் நவம்பர் 26 அன்று இரண்டு பாலம் போட்டார்கள். பாலப்படை ஆட்கள் நானூறு பேர் அளவில், டச்சுக்காரர்களும் அதில் உண்டு. பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் மார்பளவு நின்று பாலத்தின் கால்களை நட்டார்கள். பாலம் முறிந்தபோதெல்லாம் இரவிலும் இறங்கினார்கள். அவர்களில் வீடு திரும்பியவர்கள் மிகச் சிலர். எப்லேயும் அந்த டிசம்பரிலேயே இறந்தார். 29ஆம் தேதி காலை பாலத்தை எரித்தபோது அக்கரையில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள்.

அந்தப் படையில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்களே இல்லை. போலந்து, ஜெர்மன் சிற்றரசுகள், இத்தாலி, ஹாலந்து. தங்கள் சண்டையே இல்லாத சண்டையில் போய்ச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு உங்கள் குரல் வேண்டும்.

புதுவைக்காரன்:

எங்கே முடிக்கப் போகிறீர்கள்? வாட்டர்லூவோடா?

இரவுக்குரல்:

வாட்டர்லூவுக்கு ஒரே பகுதிதான். எல்லாரும் அதை ஒரு நாள் சூதாட்டமாகச் சொல்கிறார்கள். மழை பெய்யாமல் இருந்தால், தனிப்படையோடு போயிருந்த தளபதி குரூஷி வந்திருந்தால் என்று. எனக்கு அதற்கு இரண்டு நாள் முன்பு, 1815 ஜூன் 16தான் கண்ணில் நிற்கிறது. தெர்லோன் என்ற தளபதி இருபதாயிரம் பேரோடு இரண்டு போர்க்களங்களுக்கு நடுவே, இங்கே வா என்று ஒரு உத்தரவு, அங்கே போ என்று ஒரு உத்தரவு, நாள் முழுக்க நடந்தே தீர்த்தார். இரண்டு சண்டையிலும் சேரவில்லை. ஏறத்தாழ இருபது வருடமாக நெப்போலியனின் உத்தரவுகளைத் தெளிவாக எழுதி அனுப்பிய பெர்த்தியே அங்கே இல்லை. அவர் ஜூன் 1 அன்று பாம்பெர்க் நகரில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்திருந்தார். ஆற்றல் மிக்க மார்ஷல் தாவூ பாரிஸில் அமைச்சராக உட்கார்ந்திருந்தார். பாரிஸைக் காக்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அவரை அங்கே வைத்தது நெப்போலியன்தான். அந்த முடிவில்கூட எனக்கு அக்டோபர் 23இன் நிழல் தெரிகிறது.

கடைசிப் பகுதி செயின்ட் ஹெலினா, அவர் கைதியாக இறங்கிய அந்த அட்லாண்டிக் தீவு. ஈரம் ஊறிய லாங்வுட் வீட்டில் அவர் சொல்லச் சொல்ல, கூடவே போயிருந்த லாஸ் காஸ் எழுதினார். 1823இல் அது நூலாக வந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. நாம் இன்று சொல்கிற நெப்போலியனில் ஒரு பாதி அங்கே அவரே தயாரித்தது. அதை நேயர்களிடம் சொல்லாமல் தொடரை முடிக்க எனக்கு மனம் வராது.

டாக்டர் ஐயா, ஒரு வேண்டுகோள். குதிரைப் பகுதியில் பனி லாடத்தைப் பற்றி நீங்களே உங்கள் குரலில் இரண்டு நிமிடம் பேசித் தருவீர்களா? போனில் பதிவு செய்தாலே போதும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

லாடம்:

சனிக்கிழமை காலை அனுப்புகிறேன் தம்பி. வீட்டில் பழைய குதிரை லாடம் ஒன்று வைத்திருக்கிறேன். அதைக் கல்லில் தட்டினால் வரும் சத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்கிறேன். ஜன்னலோரம் அம்மா அனுமதித்தால் போடுங்கள்.

ஜன்னலோரம்:

அது நிஜச் சத்தம் ஐயா. கட்டாயம் போடச் சொல்லுங்கள்.